புகார் ஏதும் இல்லை

காலை பத்து மணிக்கு அவளுடைய வீட்டுக்காரர் போன் செய்வார். பதினான்கு வருடமாக இதுதான் வழக்கம். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் அதே கம்பெனியில் புகார் எழுதும் ரெஜிஸ்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். அதனால் ஆபீசிலும் வெளியிலும் அவளுக்கு ரெஜிஸ்டரம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. எந்தக் கட்டிடத்துக்கு மாதாந்தர சர்வீஸுக்குப் போனாலும், கையை வைப்பதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"ஏதாவது எழுதியிருக்காங்களா?"

அவள் அந்தக் கட்டிடத்தின் பக்கத்தைப் புரட்டி, போன தடவைக்குப் பிறகு என்னென்ன புகார் வந்தது என்று வாசிப்பாள். கதவு இடிக்கிறது என்றோ விளக்கு எரியவில்லை என்றோ இருந்தால் பெரிதில்லை. பிரேக்கைப் பற்றி ஒரு சொல் இருந்தால் மட்டும் அவர் வேலையின் வரிசையே மாறிவிடும். நேராக மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் போய் பிரேக்கைப் பார்த்து முடித்தபிறகுதான் மற்றது. புகார் ஏதும் இல்லை என்று அவள் சொன்னால், முதலில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று பெட்டி ஓடும் ரெயிலுக்கு எண்ணெய் போடுவார்.

அவர் கல்யாணமான புதிதில் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தார். பெட்டி ஒரு பக்கம், இரும்புப் பாளங்கள் அடுக்கிய எதிர்எடை இன்னொரு பக்கம், நடுவில் கயிறு. ஆள் இல்லாத பெட்டியைவிட எதிர்எடைதான் கனம். பிரேக் விட்டுவிட்டால் காலிப் பெட்டி விழாது, மேலே போகும். அதன் தலைமேல் ஒருவன் நின்றால் அவனுக்கும் கூரைக்கும் நடுவில் என்ன மிஞ்சும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதனால்தான் ரெஜிஸ்டரை அவள் அத்தனை கண்ணும் கருத்துமாக எழுதினாள். புகார் சொல்பவர் சொல்லி முடித்ததும் எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டுவாள். "சரியா இருக்குங்களா?" என்று கேட்டு, ஆமாம் என்று காதில் விழுந்த பிறகே பேனாவை மூடுவாள். அவசரக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் கட்டை போட்டவர் முதலாளி. எதிர்த்தெரு கம்பெனிக்கு வெப்சைட் இருக்கிறது, நமக்கு ரெஜிஸ்டர் இருக்கிறது என்று ஒருநாள் அவருக்கு வயிறு எரிந்துவிட்டது.

"இனிமே புகாரெல்லாம் ஆன்லைன்லதான். வெளியாளை வெச்சுப் பண்ணிடலாம். நீங்க போன் எடுக்கவே வேண்டாம்" என்றார்.

போன் எடுக்க வேண்டாம் என்றால் நாற்காலியும் வேண்டாம் என்று அர்த்தம். அது புரியாத அளவுக்கு அவள் குழந்தை இல்லை. நாற்காலி போவதைவிட, பத்து மணிக்கு அவர் கேட்கும் கேள்விக்கு முன்பின் தெரியாத யாரோ பதில் சொல்வார்கள் என்பதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"வெளியாள் எதுக்கு சார்? நான் கத்துக்கறேன்" என்றாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே திக்கென்றது. வயது நாற்பத்து மூன்று. கம்ப்யூட்டரில் அதுவரை கடிதம் அடித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பதினாறு பாடங்கள் கொண்ட ஒரு வீடியோ வகுப்பு கிடைத்தது. சொல்லிக்கொடுப்பவரின் முகம் தெரியாது, குரல் மட்டும். மதிய இடைவேளையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு கோடு போட்ட நோட்டில் குறிப்பெடுத்துப் படித்தாள். முதல் வாரம் திரையில் 'வணக்கம்' என்று பெரிதாக வரவழைத்தாள். வரக்கூடாத இடத்திலெல்லாம் எழுத்து வந்தது, வரவேண்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். வீட்டில் சாப்பிடும்போதும் அவள் முகம் கடுகடுவென்று இருக்கும்.

"என்ன, கம்ப்யூட்டரோட சண்டையா? யாரு ஜெயிக்கிறா?" என்பார் வீட்டுக்காரர்.

"இன்னைக்கு அதுதாங்க."

"நாளைக்கு விடாதே."

ஐந்தாம் மாதம் அவள் ஜெயிக்க ஆரம்பித்தாள். பெயர், கட்டிடம், என்ன கோளாறு என்று மூன்று கட்டங்கள், கீழே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் பச்சை டிக் ஒன்று தோன்றி, 'உங்கள் புகார் பதிவாகிவிட்டது' என்று சொல்லும். எழுதிய புகார் கீழே ஓர் எண்ணோடு பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு மத்தியானம் செலவழித்தாள். ரெஜிஸ்டரில் தான் வாசித்துக் காட்டுவதை இங்கே பக்கமே செய்கிறது என்று அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

புகார்களைச் சேர்த்து வைப்பது எப்படி என்பது ஒன்பதாம் பாடம். அந்தப் பாடத்தின் கடைசியில் சொல்லிக்கொடுக்கும் குரல் சொன்னது: இப்போதைக்கு இங்கேயே வைப்போம், நிரந்தரமான ஏற்பாட்டைப் பதினான்காம் பாடத்தில் பார்ப்போம். அவள் நோட்டில் 'பாடம் 14, பிறகு' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். கோடு போட்டதோடு சரி. பன்னிரண்டாம் பாடத்தில் பக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியே வைப்பது எப்படி என்று வந்துவிட்டது. முதலாளி தேதி குறித்துவிட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு புகார் போட்டுப் பார்த்தாள், அதே திரையில் பட்டியலில் வந்தது. தன் போனில் 'சோதனை ஒன்று' என்று போட்டாள், போனில் வந்தது. முதலாளியும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இரண்டு போட்டார், இரண்டும் வந்தன. நன்றாக வேலை செய்வதை எதற்குக் கிளற வேண்டும்? போனில் போட்டதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றாம் தேதி ரெஜிஸ்டர் பீரோவுக்குள் போனது. ஆபீஸ் போனில் அவளுடைய குரலையே பதிந்து வைத்தார்கள். "புகார்களை எங்கள் வெப்சைட்டில் பதிவு செய்யவும், நன்றி." சொல்லி முடித்ததும் இணைப்பு துண்டாகிவிடும்.

அன்றிலிருந்து ஆபீஸ் அமைதியாகிவிட்டது. ஒருநாளைக்கு ஏழெட்டு முறை கத்தும் போன் வாயை மூடிக்கொண்டது. பட்டியலிலும் அதிகம் இல்லை. மெக்கானிக்குகளின் சொந்த நம்பர் தெரிந்த சிலர் அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னதை அவளே ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஒரு வாரத்தில் அப்படி ஆறு புகார். அந்த ஆறைத் தவிர ஒன்றும் இல்லை என்பதை அவள் பார்க்காமல் இல்லை. விடுமுறை மாதம், பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, ஒவ்வொரு வருடமும் இந்த மாதம் குறையும்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முதலாளி வேறு, "பாத்தீங்களா, சிஸ்டம் வந்ததும் புகாரே இல்லை!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

வீட்டுக்காரருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"முப்பத்தெட்டு லிஃப்ட்டு. ஒண்ணு கூடவா முனகலை?"

"லீவு மாசம்ங்க."

"லிஃப்ட்டுக்கு ஏது லீவு?" என்று சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவள் அதற்கு முன் பார்க்காத ஒரு யோசனை இருந்தது. அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

ஏழாம் நாள் சாயங்காலம் ரவிக்கை வாங்கத் தையல்காரர் கடைக்குப் போனாள். அவர் கடை இருப்பதும் ஒரு ஆறுமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில்தான்.

"ரெஜிஸ்டரம்மா, லிஃப்ட் விளக்கு எரியலைன்னு உங்க வெப்சைட்ல எழுதினேனே. பச்சை டிக்கெல்லாம் வந்துச்சு. ஆள்தான் வரலை."

"எங்களுக்கு வரலையேங்க. நீங்க பட்டனைச் சரியா அமுக்கியிருக்க மாட்டீங்க."

"டிக்கு வந்துச்சும்மா."

"இன்னொரு தடவை போட்டுடுங்க."

பழைய ரெஜிஸ்டரம்மாவாக இருந்திருந்தால் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அங்கேயே எழுதி, வாசித்துக் காட்டியிருப்பாள். இப்போது அவளிடம் ஒரு சிஸ்டம் இருக்கிறது. அதை அவளே கட்டியிருக்கிறாள். அதன்மேல் குற்றம் சொன்னால், சொன்னவர்மேல்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் பட்டியலைப் பார்த்தாள். தையல்காரரின் புகார் இல்லை. இன்னும் போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவர் அதற்குள் இரண்டாம் முறையும் போட்டாகிவிட்டது என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் பத்து மணிக்கு அவளுடைய சொந்த நம்பருக்கு வீட்டுக்காரரின் போன் வந்தது. ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்றுக்கு அவர் மாதாந்தர சர்வீஸுக்குப் போயிருந்தார்.

"ஏதாவது எழுதியிருக்காங்களா?"

கட்டிடத்தின் பெயரைத் தட்டினாள். பட்டியல் காலியாக வந்தது.

"ஒண்ணும் இல்லைங்க. சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

அவர் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"பாத்துட்டுத்தானே சொல்றேன்? புகார் ஏதும் இல்லை."

"சரி, மேலே ஏறுறேன்" என்று வைத்துவிட்டார்.

கால்மணி நேரம் கழித்து ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. வாயைத் திறந்ததும் குரல் பிடிபட்டது. போனில் பதினான்கு வருடம் கேட்ட குரல். அவர் இப்போது போயிருக்கும் அதே கட்டிடத்தின் நான்காம் மாடி டீச்சர். எப்போதும் இலக்கணமாகப் புகார் சொல்லி, வாசித்துக் காட்டும்போது தப்புத் திருத்துபவர்.

"என்னம்மா கம்பெனி இது? போன் பண்ணினா உங்க குரல் பேசிட்டு கட் பண்ணிடுது. அஞ்சு தடவை எழுதியாச்சு, ஒரு ஆள் எட்டிப் பாக்கலை!"

"வரலைங்க டீச்சர். எதுவும் வரலை..."

"வரலையா? இதோ பாருங்க!"

டீச்சர் போனை நீட்டினார். அதில் அவளுடைய பக்கம் இருந்தது. அவள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த பச்சை. புகார் எண் 1, 2, 3, 4, 5. ஒவ்வொன்றுக்கும் டிக்.

முதல் புகார்: ஆள் இறங்கியதும் காலி லிஃப்ட் தானாகக் கொஞ்சம் மேலே போகிறது. மூன்றாவது: அரை அடி மேலே போனது. ஐந்தாவது முந்தாநாள் எழுதியது: என் மாமியார் காலை வைப்பதற்குள் கதவு திறந்தபடியே ஒரு அடிக்கு மேலே போய்விட்டது, பிரேக்கைப் பார்க்கவும், அவசரம்.

அவள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். அங்கே அவள் ஏற்றிய புகார்களும் முதலாளி போட்ட இரண்டும்தான். தன் போனை எடுத்துப் பார்த்தாள். அங்கே 'சோதனை ஒன்று' மட்டும். ஒரே பக்கம், மூன்று இடத்தில் மூன்று பட்டியல். 'இப்போதைக்கு இங்கேயே வைப்போம்' என்ற குரல் காதுக்குள் கேட்டது. இங்கே என்றால் ஆபீஸ் இல்லை. எழுதியவர் கையில் இருக்கும் அந்தப் போனுக்குள்ளேதான். பன்னிரண்டு நாளாக ஊரே தன் புகாரைத் தனக்கே எழுதி, தனக்கே டிக் போட்டு வைத்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்காரர் நம்பரை அமுக்கினாள். ஒருமுறை போன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து நொறுங்கியதிலிருந்து, பெட்டியின் தலைமேல் ஏறும்போது அவர் போனைக் கீழே வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். எடுத்தது வாட்ச்மேன்தான்.

"அவர் எங்கே?"

"அண்ணன் மேல வேலையா இருக்காரும்மா. லிஃப்ட் மேலதான் நிக்கிறாரு."

"இறங்கச் சொல்லுங்க! பிரேக் சரியில்லை, உடனே வெளியே வரச் சொல்லுங்க! ஓடுங்க, ஓடுங்க!"

போன் மேஜையில் விழும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் படியேறிப் போனது. டீச்சர் பக்கத்தில் நின்று, "யாரு? யாரு மேல இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தூரத்தில் வாட்ச்மேன் கத்துவது கேட்டது. "அண்ணே! வெளிய வாங்க! பிரேக்காம்ணே!" அதற்குப் பிறகு பீரோவைத் தரையில் இழுப்பதுபோல ஒரு நீண்ட சத்தம் வந்தது. கட்டிடமே அதிர்ந்ததுபோல ஒரு இடி. அதோடு நின்றுவிட்டது. அவள் போனைக் காதோடு அழுத்தி, "என்னங்க... என்னங்க..." என்று யாருக்கும் கேட்காத இடத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர் சாகவில்லை. வாட்ச்மேன் குரல் கேட்டதும் ஒரு காலை நான்காம் மாடித் தரையில் வைத்துவிட்டார். இன்னொரு காலை எடுப்பதற்குள் பெட்டி கிளம்பிவிட்டது. உடம்பு வெளியே விழுந்தது. இடது பாதம் மாட்டிக்கொண்டது. மூன்று விரல்களை எடுத்தார்கள். கணுக்காலில் ஒரு கம்பி வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அவள் ஒரு காரியம் செய்தாள். அதற்கு அவளை யாரும் திட்ட முடியாது. மற்ற மூன்று மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு, எங்கே நின்றாலும் இறங்குங்கள் என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பழைய ரெஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு மீதி முப்பத்தேழு கட்டிடத்துக்கும் வரிசையாகப் போன் போட்டாள். "உங்க போன்ல எங்க பக்கத்தைத் திறங்க. என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க." அவர்கள் வாசித்தார்கள். அவள் எழுதினாள். ஒன்பது பக்கம் வந்தது. இன்னும் இரண்டு கட்டிடத்தில் பிரேக் புகார் இருந்தது. அவற்றில் ஒன்றுக்கு மறுநாள் அவர்தான் சர்வீஸுக்குப் போக வேண்டியிருந்தது.

முதலாளி பழக்கூடையோடு வந்து, குரலைத் தாழ்த்தி, "வெப்சைட் விஷயம் வெளியே வேண்டாம்" என்றார். அவர் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. எப்படி ஆச்சு என்று கேட்ட எல்லோரிடமும் வீட்டுக்காரர் ஒரே பதில்தான் சொன்னார்.

"எண்ணெய்ல கால் வழுக்கிடுச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருதடவையாவது அவர் தன்னைத் திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை.

அவர் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பதினான்காம் பாடத்தைப் படித்தாள். எழுதியதை யார் போனிலும் விடாமல், ஒரே பொது இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பாடம். மூன்று வாரம் பிடித்தது. இந்தத் தடவை பக்கத்துக் கட்டில்காரர், நர்ஸ், மாடிப்படி கூட்டுபவர் என்று கிடைத்தவர் போனிலெல்லாம் சோதனை போடச் சொல்லி, ஆபீசில் இருக்கும் முதலாளிக்குப் போன் செய்து வந்ததா வந்ததா என்று கேட்டாள். வந்தது. சில நாள் திரையோடு மல்லுக்கட்டி முகம் கடுகடுத்துப் போய் நிமிர்வாள். வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரு ஜெயிக்கிறா என்று அவர் கேட்கவே இல்லை.

நான்கு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். லேசாக விந்தி நடந்தார். அன்று காலை அவள் சீக்கிரமே ஆபீசுக்குப் போய்விட்டாள். அவர் போகிற கட்டிடத்தின் பட்டியலைத் திரையில் வைத்தாள். பக்கத்தில் ரெஜிஸ்டரையும் திறந்து வைத்தாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. அந்தக் கட்டிடத்து வாட்ச்மேனிடம் நேற்றே பேசியாயிற்று. புகார் ஏதும் இல்லை.

பத்து மணி ஆனது. போன் அடிக்கவில்லை.

பத்தேகால் ஆனது. அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போது திரையில் ஒரு புதுப் புகார் வந்து உட்கார்ந்தது. அதே கட்டிடம். பெயர் என்ற கட்டத்தில் அவர் பெயர். என்ன கோளாறு என்ற கட்டத்தில் இரண்டே சொல்: 'சோதனை. வந்துதா?'

அவள் உடனே கூப்பிட்டாள்.

"வந்துதுங்க. வாசிச்சுக் காட்டவா?"

"வேண்டாம்."

"அந்தக் கட்டிடத்துல ஒண்ணும் இல்லைங்க. வாட்ச்மேன்கிட்டயும் கேட்டுட்டேன். நிஜமாவே ஒண்ணும் இல்லை."

"ம்."

அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மோட்டார் விசிறி. மொட்டைமாடி மெஷின் ரூமுக்குள் இருந்துதான் பேசுகிறார். அவள் பதிலுக்குக் காத்திராமல் இத்தனை படியும் அந்தக் காலோடு ஏறியிருக்கிறார்.

"பிரேக்கைப் பாத்துட்டுதான் இறங்குவேன். வெச்சிடறேன்" என்றார்.

அவர் செய்வதுதான் சரி. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும், அந்த 'சோதனை' என்ற புகாருக்குப் பக்கத்தில் 'முடிந்தது' என்று குறிக்க அவளுக்குக் கை வரவில்லை. அது பட்டியலில் அப்படியே இருந்தது.